மில் இரும்போடு வந்த விவசாயி: பிலேமோன் ரைட்டும் ஹல் ஊரும்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்குப் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒட்டாவா ஆற்றுப் பாலம் தாண்டி, கியூபெக் மாகாணத்து ஹல் பக்கம் போனால் பிலேமோன் ரைட் என்ற பெயர் கண்ணில் படுகிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்கே அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். மில் கட்டியவர் என்கிறார் ஒருவர், ஊரை நிறுவியவர் என்கிறார் இன்னொருவர், மர வியாபாரி என்றும் சொல்கிறார்கள். எது சரி? ஆளே இல்லாத காட்டுக்குள் போய் யாராவது மில் கட்டுவார்களா? அவர் காலத்தது எதாவது இன்னும் மிச்சம் இருக்கிறதா?"

மூன்றும் சரிதான் தம்பி. ஆனால் எது முதலில், எது பிறகு என்று தெரியாமல் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. பலரும் அவரை மர வியாபாரத்தின் தந்தை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர் மரம் விற்க வந்தவரே இல்லை. வயல் போட வந்தார். வயல் நிலைக்க மில் வேண்டியிருந்தது. மில்லும் வயலும் கைக்காசைத் தின்று தீர்த்த பிறகுதான் மரத்தில் கை வைத்தார்.

பெயரிலிருந்து தொடங்கலாம். தமிழ் பைபிள் படித்தவர்களுக்குப் பிலேமோன் தெரிந்த பெயர்தான், பவுலின் நிருபங்களில் வருவது. இவர் 1760 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வூபர்ன் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அமெரிக்கப் புரட்சி வெடித்தபோது வயது பதினான்கு. அந்தப் பருவத்திலேயே ராணுவத்தில் சேர்ந்து ஆங்கிலேயருக்கு எதிராகச் சண்டை போட்டார். 1782இல் அபிகேல் வைமன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் வரிசையாகப் பிள்ளைகள்.

வூபர்ன் அப்போதே பழைய ஊர். நிலம் பங்கு போட்டுப் பங்கு போட்டுச் சிறுத்துவிட்டது. நம் ஊர்களில் நாலு தலைமுறைக்குப் பிறகு காணி எப்படி ஆகிறதோ அதே கதை. பிள்ளைகளுக்கெல்லாம் நிலம் கொடுக்க வேண்டும் என்றால் வேறெங்காவது போயாக வேண்டும். அந்த நேரத்தில் வடக்கே, ஆங்கிலேயர் கையில் இருந்த கீழ்க் கனடாவில் (இன்றைய கியூபெக் பகுதி) ஓர் ஏற்பாடு நடப்பில் இருந்தது. ஒரு தலைவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வர வேண்டும். சர்வே செலவு, பாதைச் செலவு எல்லாம் அவர் தலையில். கூட வருகிற ஒவ்வொருவர் பெயருக்கும் 1,200 ஏக்கர் வரை அரசாங்கம் எழுதித் தரும். வந்தவர்கள் அதில் பெரும்பகுதியைத் தலைவருக்கே திருப்பி எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அவர் செய்த செலவுக்கு ஈடாக. வெளியே குடியேற்றத் திட்டம், உள்ளே ஒருவர் கைக்குப் பெருநிலம். யாரும் இதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலம் வேண்டும் என்றால் ஜார்ஜ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். சின்ன வயதில் எந்த மன்னரின் படையோடு சண்டை போட்டாரோ அதே மன்னருக்கு, நாற்பது வயதை நெருங்கும்போது கைதூக்கிச் சத்தியம் செய்தார். நிலம் என்று வந்துவிட்டால் மனிதர்கள் எதையும் மறப்பார்கள் போலும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிற ஆள் இல்லை. 1796இலிருந்து சில முறை வந்து ஒட்டாவா ஆற்றோரம் இடம் பார்த்தார். ஊரில் போய்ச் சொன்னால் யாரும் நம்பவில்லை. 1799இல் ஊரார் மதிக்கிற இருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார், சாட்சிக்கு. காடு அடர்த்தியாக இருந்ததால் கீழே நின்று எதுவும் தெரியவில்லை. நூறு மரங்களுக்கு மேல் ஏறி உச்சியிலிருந்து நிலத்தின் அமைப்பைப் பார்த்ததாகப் பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார். எந்த மண்ணில் எந்த மரம் நிற்கிறது என்பதை வைத்து நிலத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம். அந்த இருவரும் ஊருக்குப் போய் உண்மைதான் என்று சொன்ன பிறகே ஆள் சேர்ந்தது.

1800 பிப்ரவரி 2ஆம் தேதி வூபர்னிலிருந்து கிளம்பினார்கள். ஐந்து குடும்பங்கள், 25 கூலி ஆட்கள், 14 குதிரைகள், 8 எருதுகள், 7 பனிச்சறுக்கு வண்டிகள். கடுங்குளிரில் ஏன் கிளம்பினார்கள் என்று கேட்கத் தோன்றும். மொன்றியலிலிருந்து மேலே ஹல் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர், பாதியிலேயே சாலை நின்றுவிடும். மேற்கொண்டு உறைந்துபோன ஆறுதான் சாலை. கோடையில் வந்தால் படகும் ஆற்றுப் பாய்ச்சலும் படுத்துகிற பாட்டில் எருது எங்கே, வண்டி எங்கே?

வண்டியில் என்ன ஏற்றினார்கள் என்பதில்தான் உன் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. கோடரி, அரிவாள், மண்வெட்டி, உப்புப் போட்ட பன்றி இறைச்சி. அவற்றோடு மில்லுக்கான இரும்பு உறுப்புகள். அதாவது நிலத்தில் ஒரு மரம்கூட விழவில்லை, மில் சாமான் வண்டியில் வருகிறது. தண்ணீரில் ஓடும் மில்லில் முக்கால்வாசி மரவேலைதான். சக்கரம், பல்சக்கரம், கட்டடம் எல்லாவற்றையும் அங்கேயே வெட்டிச் செய்துகொள்ளலாம். அச்சுமுனை, சுழல்கைப்பிடி, ரம்ப அலகு போன்ற இரும்பு மட்டும் காட்டில் கிடைக்காது. அதைத்தான் சுமந்து வந்தார்கள்.

சாலை முடிந்த இடத்திலிருந்து பயணம் மெதுவானது. இரவில் கரையோரம் பனியை ஒதுக்கித் தீ மூட்டிப் படுத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் மூடிய வண்டிகளுக்குள். ஆற்றின் பனி எங்கே கெட்டி, எங்கே மெல்லிசு என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் எதிரே ஒரு பூர்வகுடி மனிதர், மனைவியோடு, மரப்பட்டைச் சறுக்கில் குழந்தையை வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். வானத்திலிருந்து இறங்கி வந்தவர்களைப் பார்ப்பதுபோல் அவர் இந்தக் கூட்டத்தைப் பார்த்தார் என்கிறார் ரைட். பாஷை புரியவில்லை. சைகைதான். ஆனால் இவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மனைவியையும் குழந்தையையும் காட்டுக்குள் அனுப்பிவிட்டு, சின்னக் கோடரியால் பனியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார். ஹல்லை ஒட்டி ஒட்டாவா ஆற்றில் விழும் ஷோடியேர் நீர்வீழ்ச்சி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் திரும்பினார். மார்ச் 7ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான். ரைட் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது.

"ஆளே இல்லாத காடு" என்று நீ எழுதியதைத் திருத்த வேண்டும். அது அல்கோன்கின் மக்களின் நிலம். ஷோடியேர் என்றால் பிரெஞ்சில் கொப்பரை. கொதிக்கிற கொப்பரை மாதிரி நீர் சுழல்வதால் அந்தப் பெயர். அல்கோன்கின் மக்கள் அதை அகிகோஜிவான் என்பார்கள், அவர்களுக்கு அது புனித இடம். 1613இல் அந்த வழியாகப் போன பிரெஞ்சுக்காரர் ஷாம்ப்லேன், அவர்கள் ஒரு தட்டில் புகையிலை சேர்த்து நீர்வீழ்ச்சியில் காணிக்கையாக விடுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே மேப்பிள் மரங்களில் சாறு வடித்துச் சர்க்கரை காய்ச்சுகிற இடமும் இருந்தது.

மரம் விழும் சத்தம் கேட்டு அவர்கள் வந்தார்கள். முதலில் வேடிக்கை பார்த்தார்கள், சின்னச் சின்ன அன்பளிப்புகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு நேராகக் கேட்டுவிட்டார்கள்: எங்கள் மரத்தை எந்த அதிகாரத்தில் வெட்டுகிறீர்கள்? சர்க்கரைக் காடு போய்விடும், வேட்டை போய்விடும், நாங்கள் என்ன செய்வது? கியூபெக்கில் இருக்கும் அரசாங்கம் கொடுத்த அதிகாரம் என்றார் ரைட். பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் சமாதானமாகப் போனார்கள், அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள் என்கிறது அவர் எழுதிய கணக்கு. அது அவர் தரப்புக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. 1763இல் ஆங்கிலேய மன்னர் வெளியிட்ட பிரகடனப்படி, பூர்வகுடி நிலத்தை அரசாங்கம் முறைப்படி வாங்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இங்கே அப்படி வாங்கவே இல்லை. இன்றைக்கு ஒட்டாவாவில் எந்தக் கூட்டம் தொடங்கினாலும் "அல்கோன்கின் மக்கள் விட்டுக்கொடுக்காத நிலம்" என்று ஒரு வரி வாசிக்கிறார்களே, கேட்டிருப்பாய். அந்த வரியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, மில்லுக்கு வருவோம். காட்டைத் திருத்திக் கோதுமை விதைத்துவிடலாம். அறுத்தும் விடலாம். அரைப்பது எங்கே? மொன்றியல் பக்கம் கொண்டுபோய் அரைத்துத் தூக்கிவந்தால் மாவை விடக் கூலி அதிகமாகும். வீட்டில் திரிகையில் அரைத்து 25 கூலிக்காரர்களுக்கு ரொட்டி போட முடியாது. வீடும் அப்படித்தான். வெட்டிய மரத்தை உருட்டி அடுக்கிக் குடிசை போடலாம். கதவு, தரை, கூரை, பெட்டி, படகு எல்லாவற்றுக்கும் பலகை வேண்டும். கையால் பலகை அறுப்பது என்றால் மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் நின்று நாளெல்லாம் ரம்பம் இழுக்க வேண்டும். சக்கரத்தில் மாட்டிய ரம்பம் மேலும் கீழும் தானாகவே ஆடி, ஆளுக்குச் சம்பளம் கேட்காமல் அறுக்கும். ஷோடியேரில் தண்ணீர் 15 மீட்டர் அளவுக்கு விழுகிறது. அந்த விசை சும்மா போய்க்கொண்டிருந்தது. மேட்டு நிலம், நல்ல மண், பக்கத்திலேயே விசை: ரைட் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான்.

முதல் சில வருஷங்களிலேயே மர அறுவை மில், மாவு மில், கொல்லுப்பட்டறை, தோல் பதனிடும் கூடம், தையல்காரர், ரொட்டி சுடும் இடம் எல்லாம் வந்துவிட்டன. சணலும் பயிரிட்டார். ஆங்கிலேயக் கடற்படைக்குக் கயிறு வேண்டும், நல்ல விலை வரும் என்று கணக்குப் போட்டார். விளைந்தது, ஆனால் நார் எடுக்கிற கூலி கட்டுப்படியாகவில்லை. மனிதர் சோதனை செய்து பார்க்கச் சளைக்காதவர். ஆனால் ஆறு வருஷத்தில் வூபர்னிலிருந்து கொண்டுவந்த காசு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. உப்பு, இரும்பு, துணி எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. வெளியே போக எதுவும் இல்லை. மாவை மொன்றியலுக்கு அனுப்பினால் வழிச்செலவே விழுங்கிவிடும். இறக்குமதிக்கு ஈடுகட்ட ஏற்றுமதி ஒன்று தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவரே எழுதுகிறார். அதுவரை வயலுக்கு இடைஞ்சலாக நினைத்து எரித்துக்கொண்டிருந்த மரம் அப்போதுதான் சரக்காகத் தெரிந்தது.

1806 ஜூன் 11. கத்தினோ ஆறு ஒட்டாவாவில் கலக்கும் இடத்திலிருந்து ஒரு பெரிய தெப்பம் கிளம்பியது. மரங்களையே கட்டித் தெப்பமாக்கி, அதன் மேல் பலகையும் பீப்பாய் செய்வதற்கான ஓக் பட்டைகளும் ஏற்றியிருந்தார்கள். தெப்பத்தின் பெயர் கொலம்போ. நம் காதுக்குக் கொழும்பு என்று விழும். ரைட்டின் மகன் ஒருவனுக்குக் கிறிஸ்டபர் கொலம்பஸ் என்றே பெயர், அதனால் அங்கே சம்பந்தம் தேடுவது பொருத்தம். தெப்பத்தில் ரைட், பதின்ம வயது மகன் டைபீரியஸ், இன்னும் மூன்று பேர். அதில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் என்பவர் அடிமை அல்லாத கறுப்பினத்தவர். இந்தப் பகுதியில் குடியேறிய முதல் கறுப்பினத்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

ஒட்டாவா ஆற்றில் லாங் சூ என்ற பாய்ச்சல் உண்டு, பாறையும் சுழலுமாக நீள்கிற இடம். இருநூறு வருஷமாகக் கீழே குடியிருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அதில் மரம் இறக்க முடியாது என்றார்கள். ரைட் போய்ப் பார்த்தார், இறக்கினார். ஆனால் சொல்கிற அளவுக்கு எளிதாக நடக்கவில்லை. தெப்பம் பிரிந்து சிதறும், மரங்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டுவார்கள், மறுபடி சிதறும். மொன்றியல் தீவைச் சுற்றிக்கொண்டு வெளியே வரவே 35 நாள் ஆனது. ஆகஸ்ட் 12இல் கியூபெக் நகரம் போய்ச் சேர்ந்தபோது, ஓக் பட்டைகளை ஒப்படைக்க வேண்டிய கெடு ஜூலையோடு முடிந்திருந்தது. ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. கரையில் சரக்கை வைத்துக்கொண்டு காத்துக்கிடந்தார்.

அந்த நவம்பரில் நெப்போலியன் பெர்லினிலிருந்து ஓர் ஆணை போட்டான்: ஐரோப்பா ஆங்கிலேயரோடு வியாபாரம் செய்யக் கூடாது. ஆங்கிலேயக் கடற்படை கப்பல் கட்டுகிற மரம் பெரும்பாலும் பால்டிக் கடல் பக்கத்திலிருந்து வந்தது. அந்த வழி அடைபட அடைபட, கனடா மரத்துக்கு விலை ஏறியது. ரைட்டின் அதிர்ஷ்டத்தை இதில் மறுக்க முடியாது. ஆனால் பாய்ச்சலில் மரம் இறங்கும் என்று நெப்போலியன் ஆணைக்கு முன்பே நிரூபித்து வைத்திருந்தார் பாருங்கள், அது அதிர்ஷ்டத்தில் சேராது. அடுத்த நூறு வருஷம் ஒட்டாவா ஆற்றில் தெப்பம் போனது. அந்த ஊரின் தலையெழுத்தை அந்த 35 நாள்தான் எழுதியது.

1808இல் மில்கள் தீப்பிடித்து எரிந்தன. திரும்பி வூபர்னுக்கே போய்விடலாமா என்று மனம் தளர்ந்தாலும், மறுபடி கட்டினார். இந்தத் தடவை கடனும் வியாபாரமும் கலந்து. பிறகு பிலேமோன் ரைட் அண்ட் சன்ஸ் என்று குடும்பக் கம்பெனியாகவே ஆகிவிட்டது. குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டுவது, வசந்தத்தில் ஆற்றில் இறக்குவது, கோடையில் வயல். கூலியாட்களுக்கு மூன்று பருவமும் வேலை இருந்ததால் ஊர் கலையவில்லை. வயலில் விளைந்த கோதுமையும் வைக்கோலும் காட்டில் மரம் வெட்டும் முகாம்களுக்கே விலை போயின. விவசாயத்துக்குச் சந்தை இல்லை என்ற சிக்கலை மரம் அங்கேயே தீர்த்துவிட்டது. என்றாலும் மனிதருக்கு மனசு கடைசிவரை வயலில்தான். நல்ல ஜாதி மாடுகளை வரவழைப்பதும், எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை என்று சட்டசபைக்குக் கணக்கு எழுதி அனுப்புவதும் அவருக்குப் பிடித்த வேலை.

அடுத்த தலைமுறையைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். மகன் ரகிள்ஸ் ரைட் 1829இல் ஷோடியேரின் வடகரையில் மரம் வழுக்கி இறங்கும் வாய்க்கால் ஒன்று கட்டினார், 26 அடி அகலம். அதுவரை நீர்வீழ்ச்சியில் மரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக விட வேண்டியிருந்தது. பாதி உடையும், மீதியைக் கீழே பொறுக்கிச் சேர்க்க நாள்கணக்காகும். வாய்க்காலில் சின்னத் தெப்பத்தைப் பிரிக்காமலே, ஆளோடு சேர்த்து இறக்கிவிடலாம். இன்னொன்று, ரைட்டின் உறவினர் சார்ல்ஸ் சிம்ஸ். குடும்பத் தகராறில் பிரிந்து, மேலே ஆற்றங்கரையில் தனியாக ஊர் ஒன்றை உண்டாக்கினார். அதுதான் எய்ல்மர்.

எதிர்க்கரை கதைதான் சுவாரசியம். இன்றைய ஒட்டாவா நகரம் இருக்கும் தென்கரை அப்போது வெறும் சதுப்பும் புதரும். நிக்கலஸ் ஸ்பார்க்ஸ் என்ற ஐரிஷ்காரர் ரைட்டிடம் வேலைக்கு இருந்தவர். 1821இல் சேமித்த காசில் அக்கரையில் 200 ஏக்கரை 95 பவுண்டுக்கு வாங்கினார். ஐந்து வருஷம் கழித்து, 1826இல், கர்னல் ஜான் பை ரிடோ கால்வாய் தோண்ட வந்து இறங்கினார். தங்குவதற்கு வீடு, சோறு, ஆள், மரம், கல் எல்லாம் ரைட்டின் ஊரிலிருந்துதான் போயின. அந்தப் பக்கம் வேறு ஊரே இல்லை. ஆனால் கால்வாய் அக்கரையில், அதனால் புதிய ஊரும் அக்கரையில். ஸ்பார்க்ஸ் வாங்கிய நிலம் நகரத்தின் நடுவில் வந்து விழுந்தது. அதே வருஷம் அவர் ரைட்டின் இறந்துபோன மூத்த மகனின் விதவையை மணந்துகொண்டார். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் கார் போகாத தெரு ஒன்றில் காபி குடிக்கப் போவாயே, ஸ்பார்க்ஸ் ஸ்ட்ரீட், அது அவர் பெயர்தான்.

ஹல் ஏன் பின்தங்கியது என்று கேட்டால், கால்வாய் ஒரு காரணம். என் கணிப்பில் இன்னொன்றும் உண்டு. ஊர் நிலம் ரைட் குடும்பத்தின் கைக்குள்ளேயே இருந்தது. சொந்தமாக மனை வாங்கிக் கடை போட நினைக்கிறவனுக்கு அக்கரை வசதியாகத் தெரிந்திருக்கும். ஊரை உண்டாக்கிய பிடியே ஊரை வளரவிடாமலும் பிடித்துக்கொண்டது.

1830இல் ரைட் கீழ்க் கனடாச் சட்டசபைக்குத் தேர்வானார், 1834 வரை இருந்தார். 1839 ஜூன் மாதம் ஹல்லில் இறந்தார், வயது 78. அவருக்குப் பிறகு 1850களில் எஸ்ரா எட்டி என்ற தீப்பெட்டிக்காரர் அங்கே வந்து, அதே நீர்விசையில் பெரிய ஆலை சாம்ராஜ்யத்தைக் கட்டினார். மலைமலையாகப் பலகை அடுக்கி வைத்திருந்த ஊர் 1900 ஏப்ரல் 26இல் தீப்பிடித்தபோது பெரும்பகுதி சாம்பலானது. தீ ஆற்றைத் தாண்டி ஒட்டாவாவுக்குள்ளும் போனது. ரைட் காலத்து மர வீடும் மில்லும் இன்று உன் கண்ணில் படாததற்கு இந்தத் தீ ஒரு பெரிய காரணம். 2002இல் ஹல் என்ற நகராட்சியே கத்தினோ நகரத்தோடு சேர்ந்துவிட்டது.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டாய். ஷோடியேர் பாலத்தில் நடந்து போ. வசந்தத்தில், பனி உருகி ஆறு நிரம்பி வரும்போது போனால் நல்லது. நீர்வீழ்ச்சியின் மேல் வளைவாக அணை கட்டிவிட்டார்கள், அதனால் பழைய கொப்பரையை அப்படியே பார்க்க முடியாது. சத்தம் மட்டும் கேட்கும். பிறகு தஷே சாலையில் செயின்ட் ஜேம்ஸ் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வந்த புதிதில் ரைட் ஒதுக்கிக் கொடுத்த நிலம். அவரும் குடும்பத்தாரும் அங்கேதான் கிடக்கிறார்கள். எய்ல்மரில் சிம்ஸ் 1831இல் கட்டிய கல் சத்திரம் இன்னும் நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம். ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம். பஸ் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு.